தாவர அறிஞர் ஜானகி அம்மாள்

நம் நாட்டில் அறிவியல் துறையில் புகுந்து உலகப் புகழ் எய்திய பெண்மணியர் மிகச் சிலரே. பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாக இருந்த காலத்தில் பிறந்து, கடல் கடந்து சென்று கற்று, தாவரங்களின் பிறப்பு மரபை ஆராய்ந்து, முதுமையில் மழைக்காடு ஒன்றைக் காக்கும் பணியில் துணை நின்றவர் டாக்டர் ஜானகி அம்மாள். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை அறிவது, நம் மலைகளின்மீது படர்ந்துள்ள காடுகளின் பெருமையை அறிவதற்கும் வழியாகும்.

இளமையும் கல்வியும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் தலைச்சேரி என்னும் கடற்கரை நகர் உள்ளது. அந்நகரில் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஜானகி அம்மாள் பிறந்தார். தந்தையார் எடவலத்து கக்கத்து கிருஷ்ணன், நீதித்துறையில் துணை நீதிபதியாக விளங்கியவர். அலுவல் ஒழிந்த நேரத்தில் அவர் தோட்டம் வளர்ப்பதிலும் பறவைகளின் இயல்பை ஆராய்வதிலும் பெருவிருப்பம் கொண்டிருந்தார். மக்கள் பலர் நிறைந்த அப்பெருங்குடும்பத்தில் தந்தையின் விருப்பம் மகள் உள்ளத்திலும் வேரூன்றியது.

தலைச்சேரியில் பள்ளிப்படிப்பை முடித்த ஜானகி அம்மாள் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவர இயலில் சிறப்புப் பட்டப் படிப்பை 1921இல் முடித்தார். பட்டம் பெற்றவுடன் சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். கீழை நாட்டுப் பெண்களின் உயர்கல்விக்கென அமெரிக்க நாட்டு மிசிகன் பல்கலைக்கழகம் வழங்கிவந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிட்டியது. உற்றார் விரும்பியபடி மணவாழ்வில் புகாமல், அவர் கல்வியையே தம் வாழ்வாகக் கொண்டு கப்பலேறினார். 1931இல் அப்பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. அமெரிக்காவில் தாவர இயலில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே எனக் கூறுவர்.

கரும்பும் காட்டுப் புல்லும்

தாயகம் மீண்ட அம்மையார் திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். அவர் அங்கே செய்த பணி யாது என்பதை அறிதல் வேண்டும்.

உயிரினங்களின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளை மக்களுக்குக் கொண்டு சேர்ப்பவை இவையே. இவற்றை நுண்ணோக்கியால் கண்டு, எண்ணி, ஒப்பிட்டு நோக்கினால், ஒரு பயிர் எங்கே தோன்றியது, எவ்வெவற்றோடு உறவுடையது என்பவற்றை உணரலாம். இக்கலையில் அம்மையார் வல்லவரானார்.

ஆற்றங்கரைகளிலும் தரிசு நிலங்களிலும் நாணல் போன்ற ஒருவகைக் காட்டுப் புல் வளர்கிறது. அது பேய்க்கரும்பு எனப்படும். அதன் தண்டில் இனிப்புக் குறைவு. ஆயினும் வறட்சியையும் நோயையும் தாங்கும் வன்மை அதற்கு உண்டு. இனிப்பு மிக்க கரும்பினங்களோ நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் எளிதில் நலிந்தன. இரண்டையும் கலந்து இனிப்பும் வன்மையும் ஒருங்கே அமைந்த கரும்பினங்களைக் கோயம்புத்தூர் அறிஞர்கள் முன்னரே உருவாக்கியிருந்தனர். ஜானகி அம்மாள் அக்காட்டுப் புல்லின் குரோமோசோம்களை விரிவாக ஆராய்ந்தார். கரும்பைச் சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்தும் ஆய்வு செய்தார். யாரும் பொருட்படுத்தாத ஒரு புல், நாடு முழுவதற்கும் சர்க்கரை தரும் பயிரைக் காக்கும் மருந்தாக இருந்தது. இவ்வுண்மை அம்மையார் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் காடுகளைப் பற்றிக் கொண்ட கருத்துகள் அதனோடு இயைந்தே அமைந்தன.

கடல் கடந்த பணி

1939ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் நடைபெற்ற அனைத்துலக மரபியல் மாநாட்டிற்கு அம்மையார் சென்றார். அவ்வமயம் இரண்டாம் உலகப்போர் மூண்டது. தாயகம் திரும்ப இயலாத நிலையில் அவர் இலண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வகத்தில் பணியேற்றார். வானிலிருந்து குண்டுகள் வீழ்ந்த அந்நகரில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து தம் ஆய்வை இடைவிடாது நடத்தினார். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, உலகப் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துக் கூறும் பெருநூலை 1945இல் வெளியிட்டார். தாவர ஆய்வாளர்கள் அந்நூலை நெடுங்காலம் தம் கைந்நூலாகக் கொண்டனர்.

பின்னர் வைஸ்லி என்னும் இடத்திலிருந்த அரச தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் அவர் பணியாற்றினார். அங்கே மக்னோலியா என்னும் பூமரங்களை ஆராய்ந்தார். அவற்றுள் ஒருவகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1951ஆம் ஆண்டு, பிரதமர் ஜவஹர்லால் நேருவின் அழைப்பை ஏற்று அவர் நாடு திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலகாபாத்தில் அமைந்த மத்தியத் தாவர ஆய்வகத்தின் தலைமையும் அவருக்கு வாய்த்தது.

எரிந்துபோன மரம்

நாடு விடுதலை பெற்ற அக்காலத்தில் உணவுப் பஞ்சம் மக்களை வாட்டியது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகப் பல இடங்களில் காடுகள் அழிக்கப்பட்டு விளைநிலங்களாயின. மக்களின் பசி தீரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்காகக் கொடுத்த விலை மிகப் பெரிதாக இருந்தது. இதனை அம்மையார் தம் கண்ணால் கண்டார்.

அசாம் பகுதியில் ஷில்லாங் நகருக்கு அப்பால் அரியவகை மக்னோலியா மரம் ஒன்று நிற்பதாக அவர் கேள்வியுற்றார். அப்பகுதியில் அவ்வினத்திற்கு எஞ்சியிருந்தது அவ்வொரு மரமே. அதனைக் காண்பதற்காக அவர் 37 மைல் தொலைவு பயணம் செய்தார். சென்று பார்த்தபோது மரம் இல்லை, அது எரிக்கப்பட்டிருந்தது. ஒரு மரம் எரிந்தால் வேறொன்றை நடலாம். ஓர் இனத்தின் இறுதி மரம் எரிந்தாலோ அதனை மீட்க எந்த ஆய்வகத்தாலும் இயலாது. இந்நிகழ்ச்சியை அவர் நண்பர்க்கு எழுதிய மடலில் வருத்தத்தோடு குறித்துள்ளார்.

1955இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் இப்பூமியின் முகத்தை எங்ஙனம் மாற்றினான் என்பதைப் பற்றிய பெருங்கருத்தரங்கு ஒன்று கூடியது. உலகப் பேரறிஞர் பலர் கூடிய அவ்வவைக்கு ஜானகி அம்மாளும் அழைக்கப்பட்டார். நம் நாட்டு உழவர்களும் மலைவாழ் மக்களும் நிலத்தோடும் தாவரங்களோடும் இயைந்து வாழும் முறையை அவர் அங்கு எடுத்துரைத்தார்.

மழைக்காட்டின் இயல்பு

அம்மையார் முதுமையில் ஈடுபட்ட பணியை உணர்வதற்கு முன், மழைக்காடு என்பது யாது என அறிதல் நலம்.

நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் ஆண்டு முழுவதும் கதிரவன் ஏறத்தாழத் தலைக்கு மேலாகவே ஒளிர்கிறான். அங்கே கடுங்குளிர் இல்லை. எங்கு வெப்பத்தோடு மிகுந்த மழையும் சேர்கின்றதோ அங்கு என்றும் பசுமை மாறாத காடுகள் தோன்றுகின்றன. தென்னமெரிக்காவின் அமேசான் படுகையிலும், ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையிலும், போர்னியோ முதலிய தீவுகளிலும் இத்தகைய காடுகள் உள்ளன. நம் நாட்டில் அரபிக் கடலினின்று எழும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையால் தடுக்கப்பட்டு மேலெழுந்து, குளிர்ந்து, பெருமழையைப் பொழிகிறது. ஆகவே அம்மலையின் மேற்குச் சரிவிலும் மழைக்காடுகள் வளர்ந்துள்ளன.

இக்காடுகளில் மரங்கள் அடுக்கடுக்காக ஓங்கி நிற்கும். உச்சியில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிப் பசும்பந்தல்போல் அமையும். கதிரவன் ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கே தரையை அடையும். இலைகள் பலவற்றின் நுனி கூராக நீண்டிருத்தலால் மழைநீர் தேங்காமல் வழிந்தோடும். மண்ணின் வளம் மேற்பரப்பிலேயே தங்கியிருப்பதால் வேர்கள் ஆழச் செல்லாமல் பரந்து ஓடும். பெருமரங்களின் அடிப்பகுதி சுவர்போல் விரிந்து மரத்தைத் தாங்கும்.

விலங்குகளும் இச்சூழலுக்கு ஏற்பவே அமைந்துள்ளன. சிங்கவால் குரங்கு எனப்படும் சோலைமந்தி, முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பிடரிமயிரும் வால்நுனியில் குஞ்சமும் உடையது. அது பெரும்பாலும் மர உச்சியிலேயே வாழும். வெடிப்பலா முதலிய மரங்களின் கனிகளையும் கொட்டைகளையும் உண்ணும். கிடைத்த உணவைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு கிளைவிட்டுக் கிளை தாவும். இருவாச்சிப் பறவையின் பேடு, முட்டையிடும் பருவத்தில் முதுமரத்தின் பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவின் வழியாகச் சேவல் கனிகளை ஊட்டும். அது உண்டு உமிழும் விதைகள் காடெங்கும் பரவிப் புதிய மரங்களாகின்றன. பறக்கும் பல்லி, விலாவெலும்புகள் தாங்கும் தோல்மடிப்பை விரித்து மரத்தினின்று மரத்திற்கு மிதந்து செல்லும். ஒருவகைத் தவளையோ, விரல்களுக்கு இடைப்பட்ட சவ்வைக் குடைபோல் விரித்து உயரத்தினின்று இறங்கும்.

இவை எல்லாம் மரங்களின் தொடர்ச்சியை நம்பி வாழ்வன. பந்தலின் நடுவே ஒரு சாலையோ தோட்டமோ அமையுமாயின் தொடர்ச்சி அறுபடுகிறது. நம் ஆனைமலையில் வால்பாறைப் பகுதியில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டது. அங்கே தரையில் இறங்கிச் சாலையைக் கடக்க நேரும் சோலைமந்திகள் வண்டிகளில் அடிபடுகின்றன. அவை மேலே கடந்து செல்லக் கயிற்றுப் பாலங்கள் கட்டவேண்டிய நிலை வந்துவிட்டது. மேலும் மழைக்காட்டு நிலம் மரங்களை இழந்தால், உதிர்ந்த இலைகளால் ஆகிய மெல்லிய வளமண்ணைப் பெருமழை விரைவில் அடித்துச் சென்றுவிடும்.

அமைதிப் பள்ளத்தாக்கு

கேரள மாநிலம் பாலக்காட்டு மாவட்டத்தில் நீலமலையை அடுத்து அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. சிள்வண்டின் ஓசை அங்கே கேளாமையால் அப்பெயர் வந்தது என்பர். குந்திப்புழை என்னும் ஆறு அதனூடே பாய்கின்றது. இவ்வாற்றின் குறுக்கே அணை கட்டி 120 மெகாவாட் மின்னாற்றல் பெறும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. 1973இல் திட்டக்குழு அதற்கு ஒப்புதல் அளித்தது.

மின்னாற்றல் இன்றித் தவித்த வடகேரள மக்களுக்கு அத்திட்டம் தேவையானதாகவே தோன்றியது. தொழிலும் வேலையும் பெருகும் என அவர்கள் எதிர்பார்த்தனர். காட்டில் ஒரு சிறு பகுதியே நீரில் மூழ்கும் எனத் திட்டத்தை ஆதரித்தோர் கூறினர். ஆயின் மூழ்கவிருந்த எட்டுச் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கின் அடிநிலம். காட்டின் உயிர்நிலை போன்ற பகுதி. அணை கட்டும் பொருட்டுச் சாலைகளும் குடியிருப்புகளும் வரின் எஞ்சிய காடும் துண்டுபடும் என அறிவியலார் அஞ்சினர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும், கவிஞர்களும், மாணவர்களும் ஊர்தோறும் சென்று மக்களிடம் இதனை விளக்கினர். பறவை ஆய்வாளர் சாலிம் அலியும் காட்டைக் காக்க வேண்டும் என்றார்.

அப்போது ஜானகி அம்மாளுக்கு அகவை எண்பதை எட்டியிருந்தது. நாட்டின் பத்மஸ்ரீ விருது 1977இல் அவரை வந்தடைந்திருந்தது. ஓய்வும் புகழும் போதும் என அவர் அமர்ந்திருக்கவில்லை. காக்க வேண்டும் எனக் குரல் கொடுத்ததோடு, தம் துறை அறிவையும் அப்பணிக்கு அளிக்க முனைந்தார். நீரில் மூழ்கவிருக்கும் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் அரும்பணியை மேற்கொள்ளத் துணிந்தார். காட்டில் எவ்வளவு மரங்கள் உள்ளன என்பது மட்டும் அவர்க்குக் கணக்கன்று. ஒவ்வொரு மரமும் எத்தகைய மரபுச் செல்வத்தைத் தன்னுள் கொண்டுள்ளது என்பதும் கணக்கே. பேய்க்கரும்பின் குரோமோசோம்களை முன்பு ஆராய்ந்தவர் அல்லவா?

பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சியில் அறிவியல் அறிஞர் எம். ஜி. கே. மேனன் தலைமையில் ஆய்வுக் குழு அமைந்தது. அக்குழு 1983இல் தன் அறிக்கையை அளித்தது. அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நாளைக் காண ஜானகி அம்மாள் உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 7ஆம் நாள், தம் எண்பத்தாறாம் அகவையில் அவர் மறைந்தார். 2012இல் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் இப்பள்ளத்தாக்கும் ஒன்றாகும்.

மதுரவாயல் தோட்டம்

அம்மையார் தம் இறுதிக் காலத்தை நம் மாநிலத்திலேயே கழித்தார். 1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தைச் சார்ந்து, மதுரவாயலில் இருந்த கள ஆய்வகத்தில் தங்கி உழைத்தார். அங்கே மருந்துச் செடிகள் நிறைந்த தோட்டம் ஒன்றை வளர்த்தார். எளிய உடையும் எளிய வாழ்வும் உடையவராய், செடிகளிடையே நடந்து, நாள்தோறும் ஆய்வு செய்தார். உயிர் பிரிந்ததும் அவ்விடத்திலேயே. இன்று மதுரவாயல் சென்னை மாநகரின் பகுதியாகிக் கட்டடங்களால் நிறைந்துள்ளது; முன்னர்த் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்த ஊர் அது.

அதே மாவட்டத்தின் வடபகுதியில் கும்மிடிப்பூண்டிக்கு அருகில் தேர்வாய் கண்டிகை உள்ளது. அங்கே மழைக்காடு இல்லை. அமைதிப் பள்ளத்தாக்கில் பெய்யும் மழையில் பாதிகூட அங்கே பெய்வதில்லை. பெய்வதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் சில வாரங்களில் கொட்டிவிடும். ஆகவே அம்மண்ணில் குட்டையான மரங்களும் முட்புதர்களுமே இயல்பாக வளர்கின்றன. எனினும் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும், அடுப்புக்கு விறகும், நோய்க்கு மூலிகையும், ஏரிக்கு நீர்வரத்தும் தந்தது அக்குறுங்காடே. அவ்விடத்தில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தொழிற்பூங்காவிற்கு எடுக்கப்பட்டபோது ஊரார் பல்லாண்டுகள் மறுப்புத் தெரிவித்தனர். இன்று அங்கே தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அருகில், சென்னைக்குக் குடிநீர் தரும் பொருட்டு 50 கோடி கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. வேலையும் குடிநீரும் மக்களுக்கு வேண்டும். மேய்ச்சலும் காடும் அவர்களுக்கு வேண்டும். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் கடமை, அமைதிப் பள்ளத்தாக்கில் எழுந்ததுபோலவே, இவ்வூரிலும் எழுந்தது.

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலைகளுள் டயர் செய்யும் ஆலை ஒன்றும் உள்ளது. டயருக்கு வேண்டிய இயற்கை இரப்பர், பாலைப் பொழியும் ஒரு மரத்தினின்று கிடைக்கிறது. அம்மரத்தின் தாயகம் அமேசான் மழைக்காடு. 1876இல் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட விதைகளின் வழித்தோன்றல்களே ஆசிய நாடுகளின் இரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலும் நிற்கின்றன. அவற்றைப் புதிய நோய் தாக்குமானால், நோயைத் தாங்கும் இனத்தைத் தேடி அறிவியலார் மீண்டும் அக்காட்டிற்கே செல்ல நேரும். காடு இருந்தாலன்றோ தேட முடியும்? கரும்புக்குப் பேய்க்கரும்பு எவ்வாறோ, அவ்வாறே இரப்பருக்கு அமேசான் காடு. புகைபோக்கிகள் நிற்கும் ஊரும் தொலைவிலுள்ள மழைக்காட்டோடு உறவுடையதாகவே இருக்கிறது.

அம்மையாரின் பெயரால் தாவர வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கு நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் விருது வழங்கும் முறையை ஏற்படுத்தியது. மாணவ மாணவியரே! நும் ஊரில் புறம்போக்கிலும் ஏரிக்கரையிலும் வளரும் செடிகொடிகளின் பெயர்களை நீங்கள் அறிவீர்களா? அவற்றின் பயனை வீட்டு முதியோரிடம் கேட்டறிந்து ஏட்டில் எழுதி வையுங்கள். ஒரு புல்லின் மரபை ஆராய்வதில் தொடங்கி ஒரு காட்டைக் காக்கும் பணியில் நிறைவுற்றது ஜானகி அம்மாளின் வாழ்வு. அவர் தொடங்கிய இடத்தில் நீங்களும் தொடங்கலாம்.